லேக் இருந்தால் பிவிபியில் தேறவே முடியாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: ஒன்றரை வருடமாக ஒரு ஆன்லைன் விண்வெளிச் சண்டை விளையாட்டு ஆடுகிறீர்கள். பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 220 மில்லி விநாடிக்குக் கீழே இறங்குவதே இல்லை, மாலையில் 400ஐத் தாண்டுகிறது. கணினி ஓட்டும் எதிரிகளை அலட்சியமாக முடிக்கிறீர்கள், எதிரே ஒரு மனிதர் வந்துவிட்டால் ஒரு நிமிடம் தாங்குவதில்லை. இந்த நிலையிலும் பிவிபியில், அதாவது மனிதரோடு மனிதர் மோதும் சண்டையில், தேற வழி உண்டா, இல்லை முதலில் இணைப்பையும் கணினியையும் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் உள்ளே இருக்கிறது: நான் தோற்பது லேக்காலா (இணைப்பில் வரும் தாமதத்தாலா), என்னாலா? அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் லேக் ரொம்ப வசதியான சாக்கு. அந்தச் சாக்கிலேயே மூன்று வருடம் குடியிருந்தவன் நான்.

எனக்கு வேலை நெட்வொர்க் பராமரிப்பு. வேலை முடிந்தபின் பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி விளையாட்டுகள்தான், அதுவும் பெரும்பாலும் 200க்கு மேல் பிங்கோடு. நீங்கள் ஆடும் விளையாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அதனால் எல்லா விளையாட்டுக்கும் பொருந்துவது எது, விளையாட்டுக்கு விளையாட்டு மாறுவது எது என்று பிரித்தே எழுதுகிறேன். இரண்டாவது வகையில் நான் சொல்வதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்கலாம். ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், சர்வர் தள்ளி இருக்கும் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1 மில்லி விநாடி செலவு. சர்வர் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 80 மில்லி விநாடிக்குக் கீழே எந்தப் பணத்தைக் கொட்டினாலும் இறங்காது. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரூட்டர்கள் வேறு இருக்கின்றன, ஆகவே நிஜத்தில் அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட ஆகும். உங்கள் 220ல் பெரும்பகுதி இப்படி வந்ததாக இருந்தால் அதோடு வாழப் பழக வேண்டியதுதான். ஆனால் மாலையில் 400 ஆகிறது என்றீர்களே, அது தூரத்தால் வருவதில்லை. மாலையானால் சர்வர் நகர்ந்து போய்விடுகிறதா என்ன? அது நெரிசல். பாதி நேரம் அந்த நெரிசல் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

பிங் அதிகமாக இருப்பதைவிட அது ஆடுவதுதான் பெரிய கெடுதல். நிலையான 220க்குக் கை பழகிவிடும். எவ்வளவு முன்னால் குறிவைப்பது, எவ்வளவு முன்பே திருப்புவது என்று சில வாரங்களில் உடம்பு கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு முறை 150, அடுத்த முறை 400 என்றால் பழகுவதற்கே ஒன்றும் இல்லை. நாங்கள் இதை ஜிட்டர் என்போம். 150க்கும் 400க்கும் நடுவே ஆடும் இணைப்பா, 250ல் அசையாமல் நிற்கும் இணைப்பா என்று கேட்டால், நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஆகவே முதல் வேலை: விளையாடும்போது பக்கத்தில் ஒரு சாளரத்தில் உங்கள் வீட்டு ரூட்டருக்கே பிங் ஓட விடுங்கள், இன்னொன்றில் விளையாட்டு சர்வருக்கோ அதே ஊரில் உள்ள வேறொரு சர்வருக்கோ. கேபிளில் இணைத்திருந்தால் ரூட்டர் வரைக்கும் 1 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். வைஃபையில் அது 3, 5, 80, 4 என்று குதித்தால் திருடன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். கேபிளை இழுத்துப் போடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். ரூட்டர் வரை சுத்தமாக இருந்து, யாரோ ஒருவருடைய கைபேசி படங்களை மேலேற்றும்போது வெளிப் பிங் மட்டும் 220லிருந்து 600க்கு எகிறினால், அது ரூட்டரின் வரிசை நிரம்பி வழிவது. பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர். பல ரூட்டர்களில் எஸ்கியூஎம் என்றோ கியூஓஎஸ் என்றோ ஒரு அமைப்பு இருக்கும். அதில் உங்கள் உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தால் கொஞ்சம் வேகம் போகும், ஜிட்டர் ஏறக்குறைய மறையும். அதிவேகத் திட்டத்துக்கு மாறுவதால் மட்டும் பிங் குறையாது. விளையாட்டுக்குத் தேவையான தரவு ரொம்பக் கொஞ்சம். இது குழாயின் அகலம் சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) சில வேளை உதவும், உங்கள் சேவையாளர் சுற்றுவழியாக அனுப்பிக்கொண்டிருந்தால் மட்டும். ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இனி விளையாட்டுக்குள் வருவோம். திரையில் நீங்கள் பார்க்கும் எதிரி இப்போது அங்கே இல்லை. அவர் அனுப்பிய தகவல் சர்வர் வழியாக உங்களிடம் வருவதற்குள் அவர் நகர்ந்திருப்பார். இந்த இடைவெளியை மறைக்க விளையாட்டுகள் மூன்று வித்தைகள் செய்கின்றன. ஒன்று, வந்த இரண்டு நிலைகளுக்கு நடுவே வழவழவென்று நகர்த்திக் காட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கொஞ்சம் பழைய காட்சி. இரண்டு, கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து 'இந்நேரம் இங்கே இருப்பார்' என்று ஊகித்துக் காட்டுவது. மாலுமிகள் கரை தெரியாத கடலில் செய்த அதே கணக்கு. மூன்று, நீங்கள் சுட்டபோது உங்கள் திரையில் அவர் எங்கே இருந்தார் என்று சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது. சிறுகோளுக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் அடி விழுந்தது என்று நீங்கள் எப்போதாவது கத்தியிருந்தால், எதிராளிக்கு இந்த மூன்றாவது வித்தை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் விண்வெளி விளையாட்டு லேக் உள்ளவனுக்குச் சாதகமாக இருக்கிறது. மனிதர்கள் ஓடிச் சுடும் விளையாட்டில் ஆள் சட்டென்று நின்று எதிர்ப்பக்கம் ஓடுவான். கப்பலுக்கு எடை உண்டு, உந்தம் உண்டு. ஒரு கணக்கு பாருங்கள். எதிரி பக்கவாட்டில் விநாடிக்கு 200 மீட்டர் போகிறார், தகவல் 220 மில்லி விநாடி பழசு. விளையாட்டு எதுவும் ஊகிக்காமல் பழைய இடத்தையே காட்டினால் அவர் நிஜத்தில் 44 மீட்டர் முன்னால் இருக்கிறார். சிறிய கப்பலின் நீளத்தைவிட அதிகம், குறி காலி. ஆனால் அதே விளையாட்டு வேகத்தை வைத்து ஊகித்தால்? அந்த நேரத்தில் அவர் விநாடிக்கு விநாடி 50 மீட்டர் வேகம் கூட்டித் திரும்ப முயன்றாலும் பிழை ஒன்றேகால் மீட்டர்தான். கவனிக்கவே மாட்டீர்கள். இடைவெளி அரை விநாடி ஆனால் பிழை 6 மீட்டர், ஒரு விநாடி ஆனால் 25. நேரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். ஜிட்டரைத் திட்டிக்கொண்டே இருக்கிறேனே, காரணம் இதுதான்.

உங்கள் விளையாட்டில் எது நடக்கிறது என்று விவாதிப்பதைவிட சோதிப்பது சுலபம். ஒரு நண்பரை உங்கள் முன்னால் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் குறுக்கே பறக்கச் சொல்லுங்கள். லேசர் போல உடனே போய்ச் சேரும் ஆயுதத்தால் சுடுங்கள். முதல் பத்து முறை கப்பலின் நடுவில், அடுத்த பத்து முறை மூக்கில், அப்புறம் மூக்குக்கு ஒரு கப்பல் நீளம் முன்னால். நண்பர் அடி விழுந்ததை எண்ணட்டும். நடுவில் சுட்டது விழுந்தால் விளையாட்டே லேக்கைச் சரிக்கட்டுகிறது, நீங்கள் கண்ணை நம்பலாம். முன்னால் சுட்டது மட்டும் விழுந்தால் எவ்வளவு முன்னால் என்பது உங்களுக்கான எண். குண்டு பறக்கும் நேரத்துக்கான முன்குறியோடு இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நாலு வருடம் ஆடியவர்களை எனக்குத் தெரியும்.

விளையாட்டின் அமைப்பைப் பொறுத்து லேக்கின் எடையே மாறும். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் சர்வர் கட்டளைகளை விநாடிக்கு ஒருமுறைதான் கையிலெடுக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியபின் சராசரியாக அரை விநாடி எல்லோருமே காத்திருக்கிறார்கள், அதில் 30 பிங்குக்கும் 220 பிங்குக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகும். அங்கே தோற்றுவிட்டு லேக் என்று சொன்னால் நான் கொஞ்சம் சிரிப்பேன். (ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் மோதும்போது சர்வரே திணறும் லேக் வேறு கதை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி விளையாட்டின் காலத்தையே 10 சதவீத வேகம் வரை மெதுவாக்குவது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த போர் அப்படித்தான் சுமார் 21 மணி நேரம் இழுத்தது.) எலைட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டு இதற்கு நேரெதிர். அங்கே சண்டை போடுகிறவர்களின் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. உங்களுக்கும் அந்த எதிராளிக்கும் நடுவே உள்ள பாதைதான் கணக்கு. ஒருவரிடம் எல்லாம் சரியாக இருக்கும், இன்னொருவர் தத்தளித்து மறைந்து தோன்றுவார், உங்கள் மேல் தவறே இருக்காது.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். கண்ணில் பட்டதிலிருந்து விரல் அசைய மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி பிடிக்கும். உங்கள் பிங் அதே அளவு. அதாவது எதைப் பார்த்து நீங்கள் எதிர்வினை செய்தாலும் மற்றவரைவிட இரண்டு மடங்கு தாமதம். ஆனால் முன்கூட்டியே எடுத்த முடிவுக்கு இந்தத் தாமதம் இல்லை. லேக் உள்ளவன் செய்ய வேண்டியது இந்த ஒன்றைத்தான்: எதிர்வினையாக இருக்கும் ஒவ்வொன்றையும் முன்முடிவாக மாற்றுவது.

குறிவைப்பதில் இது எப்படி என்று பாருங்கள். பிழை என்பது பக்கவாட்டு வேகம் பெருக்கல் தாமதம். தாமதத்தைக் குறைக்க முடியாது, பக்கவாட்டு வேகத்தைக் குறைக்கலாமே. எதிரி நேராக உங்களை நோக்கி வரும்போதும், நேராக விலகி ஓடும்போதும் அந்த வேகம் பூஜ்யம், லேக்குக்கு வேலையே இல்லை. வட்டமடிக்கும் சண்டையில் அது உச்சத்தில் இருக்கும். ஆகவே அவரோடு சுற்றிச் சுற்றி வருவதை விடுங்கள். அவர் சுற்றினால் நீங்கள் அதே திசையில், அதே வேகத்துக்குப் பக்கத்தில் போய், ஒப்பு வேகத்தைக் குறையுங்கள். அவர் திரையில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்கு மட்டும் சுடுங்கள், மற்ற நேரத்தில் குண்டை வீணாக்காமல் அடுத்த அந்த மாதிரி தருணத்துக்காகக் கப்பலை ஓட்டுங்கள். ஈவ் மாதிரி கணினியே சுடும் விளையாட்டிலும் இதே தத்துவம்தான். துப்பாக்கி திரும்பும் வேகத்தைவிட எதிரி கோணத்தில் வேகமாக நகர்ந்தால் அடி விழாது. விநாடிக்கு 500 மீட்டர் வேகம் 5 கிலோமீட்டரில் இருப்பதைவிட 20 கிலோமீட்டரில் கோணக் கணக்கில் நான்கில் ஒன்றுதான். எனவே எதிரியைத் தானாகச் சுற்றிவர வைக்கும் 'ஆர்பிட்' பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர் தன் குறியைத் தானே கெடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

அப்புறம் தப்பிப்பது. ஒரு நண்பரோடு ஆடிய டூயலை (ஒருவருக்கு ஒருவர் மோதும் சண்டை) இருவருமே பதிவு செய்து, இரண்டு காணொளிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். என் திரையில் அவர் என் இடது முன்புறம் கடந்துகொண்டிருக்கிறார், என் ஷீல்டு (கப்பலின் காப்புக் கவசம்) 38 சதவீதம். அவர் திரையில் அதே கணம் அவர் ஏற்கெனவே என் பின்பக்கம் திரும்பிவிட்டார், என் ஷீல்டு 24. 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று நான் நினைத்த இடத்தில் அவருக்கு நான் செத்துக்கொண்டிருந்தேன். வேகத்தைச் சட்டென்று கூட்டும் பூஸ்ட் பொத்தானை நான் அழுத்தியது ஒலியில் தெளிவாகக் கேட்கிறது. அவர் திரையில் என் இன்ஜின் பற்றிக்கொள்வதற்குள் ஷீல்டு போயே போய்விட்டது. அன்றைக்கு என் விலகல் கோட்டை, அதாவது ஷீல்டு எவ்வளவுக்கு இறங்கினால் சண்டையை விட்டு விலகுவது என்ற எல்லையை, 40லிருந்து 60 சதவீதத்துக்கு ஏற்றினேன். 60ஐத் தொட்டால் யோசனை கிடையாது, கிளம்பு. கோழைத்தனமாகத் தோன்றும், பழகுங்கள். விலகும் திசையையும் சண்டை தொடங்கும் முன்பே முடிவு செய்து, கப்பலின் மூக்கு அடிக்கடி அந்தப் பக்கம் வருமாறு ஓட்டுங்கள். எதிரி வார்ப்பை (களத்தை விட்டுத் தொலைவுக்குத் தாவிப் போவதை) தடுக்கும் கருவி வைத்திருக்கக்கூடிய விளையாட்டு என்றால் அதன் எல்லைத் தூரத்தை மனப்பாடம் செய்து, அதற்குச் சில கிலோமீட்டர் வெளியே உங்கள் கோட்டைப் போடுங்கள். எல்லையை ஒட்டி நடனமாடுவது 30 பிங் உள்ளவர்களுக்கு.

கப்பல், ஆயுதத் தேர்வில் கௌரவம் பார்க்காதீர்கள். ஒரே அடியில் மொத்தச் சேதத்தையும் தரும், பத்து விநாடிக்கு ஒருமுறை சுடும் ஆயுதம் லேக் உள்ளவரிடம் பாவம். தவறினால் பத்து விநாடி போச்சு. தொடர்ந்து பாயும் கற்றை, தானே தேடிப் போகும் ஏவுகணை, டிரோன், தானாகக் கொஞ்சம் திரும்பும் துப்பாக்கி இவையெல்லாம் உங்கள் நண்பர்கள். மெல்லிய வேகக் கப்பலைவிட இரண்டு தவறைத் தாங்கும் தடித்த கப்பல் நல்லது. இதில் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு: இப்படிப்பட்ட கருவிகளிலேயே பழகினால் கைத்திறன் வளராமல் போகலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நான் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நேர்குறி ஆயுதங்களோடு ஆடி அதைச் சமாளிக்கிறேன். வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்து லேக்கை உண்டாக்கும் குறுக்குவழியை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். ஏமாற்று வேலை, கணக்கு முடக்கப்பட்டால் அழுது பயனில்லை.

பயிற்சியைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கணினி எதிரிகளை அடித்துப் பழகியது உங்களுக்குக் கெடுதலும் செய்திருக்கும். அவை உங்களிடம் வந்து சாகும், ஓடாது, உங்கள் பழக்கத்தைப் படிக்காது. மனிதர் முதல் இருபது விநாடியிலேயே நீங்கள் எப்போதும் வலப்பக்கம்தான் திரும்புகிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒரே ஒரு மலிவான கப்பல், ஒரே ஒரு ஆயுத அமைப்பு, உங்களைவிடக் கொஞ்சம் மேலான ஒருவரோடு ஐம்பது டூயல். நஷ்டம் வலிக்காத கப்பலாக இருக்கட்டும். கப்பலை இழக்கப் பயந்தால் கை நடுங்கும், அந்த நடுக்கம் உங்கள் பிங்கைவிட மோசமான தாமதம். எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். பார்க்கும்போது கடைசிப் பத்து விநாடியைப் பார்க்காதீர்கள், அங்கே எல்லாமே லேக் மாதிரிதான் தெரியும். பின்னோக்கி ஓட்டி, இந்தச் சண்டை எப்போது கைவிட்டுப் போனது என்று தேடுங்கள். என்னுடைய முதல் ஐம்பதில் லேக்கின்மேல் நேர்மையாகப் பழிபோட முடிந்தது ஆறு. மற்றவற்றில் தொடங்கியிருக்கவே கூடாத சண்டைகள் பாதி, எனர்ஜியை முதல் அரை நிமிடத்திலேயே கொட்டித் தீர்த்தவை மீதி. உங்கள் எண் வேறாக இருக்கும். ஆனால் 'லேக்காலா, என்னாலா' என்ற கேள்விக்கு நான் இங்கே உட்கார்ந்து சொல்வதைவிட அந்த எண் சரியான பதில் சொல்லும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சம திறமையுள்ள இருவர், ஒருவருக்கு 30, ஒருவருக்கு 250 என்றால், கைவேகம் முக்கியமான விளையாட்டில் 30 உள்ளவர்தான் அதிகம் ஜெயிப்பார். போட்டித் தொடரில் கோப்பை வாங்கும் ஆசை இருந்தால் பக்கத்துச் சர்வர் உள்ள விளையாட்டைத் தேடுவதுதான் யதார்த்தம். நீங்கள் கேட்டது அதுவல்ல, ஒரு நிமிடம் தாங்குவதைப் பற்றி. அங்கே இருந்து நிஜமான சண்டைக்காரராக ஆவதற்கு 220 ஒரு தடையே இல்லை.

கணினி வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். சண்டையின் நடுவில் உங்கள் எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, எவ்வளவு என்று பாருங்கள். 60 என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லி விநாடி, 20க்கு விழுந்தால் 50. பலர் லேக் என்று சொல்வது இந்தத் திணறலைத்தான். பிங் மானி அசையாமல் இருக்கும்போது படம் தடுமாறினால் குற்றவாளி இணைப்பு அல்ல. நிழல், புகை, வெடிப்புக் காட்சிகளின் தரத்தைக் குறைத்து, தொலைக்காட்சியில் ஆடினால் அதன் கேம் மோடைப் போட்டு, படங்களைத் திரையின் வேகத்துக்குப் பொருத்தும் வி-சிங்கை அணைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் 40க்குக் கீழே நின்றால் மட்டும் பணத்தை எடுங்கள். மாலையில் பிங் 400 ஏறும் அந்த இரண்டு மணி நேரத்தில் டூயல் எதுவும் வேண்டாம். முந்தைய நாள் பதிவுகளைப் பார்க்க அந்த நேரம் போதும்.